பழைய பேஸ் ஆம்ப் வாங்கப் போறீங்களா? முதல்ல டேட் கோடைப் படிங்க!

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் டேட் கோட், பேட்ச் நம்பர் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சப்ளையரிடமிருந்து சரக்கு வந்ததும் நீங்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். அட்டைப்பெட்டி மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி, பாகத்தின் மேல் குத்தியிருக்கும் எண்தான் கடைசி வார்த்தை.

ஷிஃப்ட் முடிந்ததும் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டுகிற ஆள் என்றால், இந்தப் பழக்கம் உங்களுக்கு இன்னோர் இடத்திலும் கைகொடுக்கும். 'விண்டேஜ்', 'அறுபதுகளின் மாடல்', 'ஒரிஜினல் கண்டிஷன்' என்று ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் விற்பனைக்கு வருகிறது. விலையோ சில மாதச் சம்பளம். விற்பவர் சொல்வதை நம்புவதா? பெட்டியின் நிறத்தை நம்புவதா? இரண்டும் வேண்டாம். அந்த ஆம்ப் தன் வயதைத் தானே எழுதி வைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தால் பணம் தப்பும். அதோடு கரன்ட் விஷயத்தையும் தெரிந்துகொண்டால் உயிரும் தப்பும்.

பேஸுக்கு ஏன் தனி ஆம்ப்?

நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதாவது பேஸ் ஒரு ஸ்தாயி கீழே. அவ்வளவு கீழான ஒலியைச் சத்தமாகக் கொடுக்க, ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய ஸ்பீக்கரும், நல்ல டிரான்ஸ்ஃபார்மரும், கனமான பெட்டியும் தேவை.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். அதற்கென்றே ஓர் ஆம்ப் வேண்டுமே! 1952-ல் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோடு வந்ததுதான் ஃபெண்டர் 'பேஸ்மேன்'. பழைய பேஸ் ஆம்ப்களின் கதை ஏறத்தாழ அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர்கள்

ஃபெண்டர் பேஸ்மேன்: 1950-களின் நடுவில் இதில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் வந்தன. 1958 முதல் 1960 வரை வந்த '5எஃப்6-ஏ' சர்க்யூட்தான் மிகப் பிரபலம். லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் மார்ஷல் ஆம்ப் 'ஜேடிஎம்45', இந்தச் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேஸுக்காகப் பிறந்த இந்த ஆம்பைக் கொண்டாடியவர்கள் லீட் கிட்டார்காரர்கள். சத்தம் ஏற்றினால் அது உடைந்து கரகரக்கும். அவர்களுக்கு அதுதான் வேண்டும், பேஸ்காரருக்கு அது இடைஞ்சல். எனவே டிரம்ஸோடு மேடையில் வாசிக்க ஆம்ப் தேடுகிறீர்கள் என்றால், பெயரில் 'பேஸ்' இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

ஆம்பெக் பி-15 போர்டாஃப்ளெக்ஸ்: 1960-ல் வந்தது. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சுமார் 25 முதல் 30 வாட். தலைப்பகுதியைத் தலைகீழாகப் புரட்டிப் பெட்டிக்குள்ளேயே மூடிவிடலாம். அமெரிக்க மோட்டவுன் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பயன்படுத்திய ஆம்ப் இது. வீட்டிலும் ரெக்கார்டிங்கிலும் வாசிக்க அருமையானது.

ஆம்பெக் எஸ்விடி: 1969-ல் வந்த ராட்சசன். 300 வாட், முழுக்க வால்வு. எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டியோடு சேர்த்தால் ஆள் உயரம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1969 அமெரிக்கப் பயணத்தில் இதை மேடையேற்றியது.

அக்கூஸ்டிக் 360: 1960-களின் கடைசியில் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப். 200 வாட், 18 அங்குல ஸ்பீக்கர். ஜாகோ பாஸ்டோரியஸ் வாசித்தது இதில்தான்.

பழசு என்றாலே வால்வு என்று நினைக்க வேண்டாம். அக்கூஸ்டிக், பீவி, 1980-களின் கேலியன்-க்ரூகர் 800ஆர்பி எல்லாம் டிரான்சிஸ்டர் ஆம்ப்கள்தான். முதல்முறை பழைய ஆம்ப் வாங்குபவருக்குப் பராமரிப்பும் ஆபத்தும் குறைவு. இங்குள்ள டெக்னீஷியன்களுக்கும் டிரான்சிஸ்டர் கைவந்த கலை.

முகத்தைப் பார்த்து ஒரு மதிப்பீடு

ஃபெண்டரைப் பொறுத்தவரை தோற்றமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். 1950-களில் கோடு போட்ட 'ட்வீட்' துணி. 1960-களின் தொடக்கத்தில் இளம் பழுப்பு உறை. பிறகு 1967 வரை கறுப்புப் பேனலில் வெள்ளை எழுத்து. 1968 முதல் 1980-களின் தொடக்கம் வரை வெள்ளிப் பேனலில் நீல எழுத்து. 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. அந்த ஆண்டிலேயே பேனலில் இருந்த 'ஃபெண்டர் எலக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட்' என்ற பெயர் 'ஃபெண்டர் மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' என்று மாறியது.

ஆம்பெக் எஸ்விடி-க்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. ஆரம்ப காலத்து எஸ்விடி-களின் பவர் வால்வுகள் '6146பி' வகை. அவற்றின் உச்சந்தலையில் ஒரு மூடியும் அதிலிருந்து ஒரு ஒயரும் போகும். பிறகு '6550' வால்வுக்கு மாறினார்கள். அதில் தலை ஒயர் கிடையாது.

ஆனால் இதெல்லாம் முதல் மதிப்பீடு மட்டுமே. உறையை மாற்றலாம், பேனலை மாற்றலாம், பெயர்ப் பலகையைக் கழற்றி வேறொன்றில் ஒட்டலாம். பைக்குக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி மாடலை ஏற்றிச் சொல்வதைப் பார்த்தவர்கள்தானே நாம்!

இப்போது டேட் கோட்

அமெரிக்க ஆம்ப்களின் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், வால்யூம் கன்ட்ரோல் ஆகியவற்றில் ஓர் எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி. அடுத்து வருவது ஆண்டு. கடைசி இரண்டு இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. அடிக்கடி கண்ணில் படும் கம்பெனி எண்கள் இவை: 606 என்றால் ஷூமேக்கர், அதாவது டிரான்ஸ்ஃபார்மர். 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்டு, 67 எமினென்ஸ் ஆகிய மூன்றும் ஸ்பீக்கர். இதில் எமினென்ஸுக்கு மட்டும் இரண்டே இலக்கம். 137 என்றால் சிடிஎஸ், இது கன்ட்ரோலிலும் இருக்கும், ஸ்பீக்கரிலும் இருக்கும். 304 ஸ்டாக்போல், கன்ட்ரோல்.

'606-438' என்று டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தால், ஷூமேக்கர் செய்தது, 4-ல் முடியும் ஆண்டு, 38-வது வாரம். 1954-ஆ, 1964-ஆ, 1974-ஆ? அதைப் பேனலின் தோற்றத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். '137-6432' என்று கன்ட்ரோலில் இருந்தால் சந்தேகமே இல்லை: 1964, 32-வது வாரம்.

ஃபெண்டரில் இன்னொரு தடயமும் உண்டு. பெட்டியின் உட்புறம் வால்வுகளின் இடத்தைக் காட்டும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதில் இரண்டு ஆங்கில எழுத்துகளை ரப்பர் ஸ்டாம்பால் குத்தியிருப்பார்கள். முதல் எழுத்து ஆண்டு: 'ஏ' என்றால் 1951, 'பி' என்றால் 1952 என்று 1967 வரை போகும். இரண்டாவது எழுத்து மாதம்: 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். ஆக 'என்', 'கே' என்று இருந்தால் 1964 நவம்பர்.

அதே காகிதத்தில் 'ஏபி165' மாதிரி ஒரு சர்க்யூட் எண்ணும் இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். அது 1965 ஜனவரியில் வரைந்த சர்க்யூட் என்று மட்டுமே பொருள். அந்த ஆம்பை 1967-லும் செய்திருக்கலாம். டிராயிங் தேதியும் உற்பத்தித் தேதியும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியாததா?

எல்லா எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். உதாரணமாக, கன்ட்ரோல் 1964-ன் 32-வது வாரம், டிரான்ஸ்ஃபார்மர் 38-வது வாரம், ஸ்டாம்ப் நவம்பர். எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி வருகின்றன. பாகங்கள் முதலில், ஆம்ப் கொஞ்சம் பின்னால். ஆக இது 1964 கடைசியில் செய்த ஆம்ப். ஆனால் ஸ்பீக்கரில் '137-7308' என்று இருக்கிறது, அதாவது 1973. அப்படியென்றால் ஸ்பீக்கர் பிறகு மாற்றியது. ஆம்ப் போலி ஆகிவிடாது, விலைதான் குறைய வேண்டும். எல்லாப் பாகமும் 1970-ஐச் சொல்ல, பேனல் மட்டும் 1964-ஐச் சொன்னால்? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பழசா, பழசு மாதிரி புதுசா?

பழைய மாடல்களைக் கம்பெனிகளே மறுபடி செய்து விற்பதும் உண்டு. 1959 பேஸ்மேனை ஃபெண்டர் 1990-ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. அதுவே இப்போது முப்பது வருஷம் தாண்டிவிட்டதால், பார்க்கப் பழசாகத்தான் இருக்கும். நல்ல ஆம்ப்தான், ஆனால் விலை வேறு.

கண்டுபிடிப்பது சுலபம். அசல் 1950-களின் ஃபெண்டருக்குள் ஃபைபர் அட்டையில் துளையிட்டு, பாகங்களைக் கையால் சால்டர் செய்திருப்பார்கள். மறுபதிப்பில் இருப்பது பிசிபி. நாள் முழுக்க பிசிபி பார்க்கிற கண்ணுக்கு ஒரே பார்வை போதும். ஆனால் இந்த விதியை எல்லாக் கம்பெனிக்கும் பொருத்த வேண்டாம். அசல் ஆம்பெக் எஸ்விடி-யிலேயே பிசிபி உண்டு.

சால்டரையும் கவனியுங்கள். பழைய சால்டர் மங்கலாக, ஒரே சீராக இருக்கும். பளபளவென்று இருந்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதெல்லாமே தப்பு கிடையாது. பவர் பகுதியின் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் காய்ந்துபோகும், மாற்றித்தான் ஆக வேண்டும். 'எதுவுமே மாற்றவில்லை, அப்படியே ஒரிஜினல்' என்று விற்பவர் பெருமைப்பட்டால், மாற்றும் செலவு உங்கள் தலையில் என்று அர்த்தம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியிருந்தால் மட்டும் மதிப்பு நன்றாகவே இறங்கும்.

எந்த ஊர் கரன்ட்?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நேரடியாகச் சொருகினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 50 வாட் வால்வு ஆம்புக்கு 500 விஏ தாராளம். எஸ்விடி-க்கு 1,000 விஏ-க்கு மேல் பாருங்கள். இரும்புக் கோர் வைத்த, கனமான டிரான்ஸ்ஃபார்மராக வாங்குங்கள். பயணத்துக்கென்று விற்கும் இலேசான எலக்ட்ரானிக் கன்வர்ட்டர் வேண்டவே வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். முதல் சில நாள் தொட்டுப் பார்த்துக் கவனியுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே கொரிய, ஜப்பானிய அதிகாரிகள் குடும்பத்தோடு வசிக்கிறார்கள். ஊர் திரும்பும் யாராவது தன் ஆம்பை விற்றால், எந்த நாட்டுக்குச் செய்தது என்று பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். ஜப்பான் வீடுகளில் 100 வோல்ட், கொரியாவில் 220. கொரியா ஆம்ப் இங்கே ஓடும். ஜப்பான் ஆம்பை அப்படியே சொருகினால் புகைதான் வரும்.

மார்ஷல், வாக்ஸ், ஹைவாட் மாதிரி பிரிட்டிஷ் ஆம்ப்கள் இந்த விஷயத்தில் நமக்குத் தோது. அவர்கள் ஊரிலும் நம்மைப் போலத்தான் கரன்ட். பல மாடல்களில் பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும்.

எர்த் விஷயத்தில் சமரசம் வேண்டாம்

1960-களின் அமெரிக்க ஆம்ப்கள் பலவற்றில் இரண்டு பின் பிளக்தான். எர்த் கிடையாது. இரைச்சலைக் குறைக்க, மெயின் ஒயருக்கும் ஆம்பின் உடலுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் ஆம்பின் உடல், கிட்டார் கம்பி, உங்கள் விரல் வரை மெயின் கரன்ட். அதனால்தான் ரிப்பேர்காரர்கள் அதற்கு 'சாவு கெப்பாசிட்டர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆம்ப் வாங்கியதும் முதல் வேலை, அதைக் கழற்றிவிட்டு மூன்று பின் எர்த் ஒயர் போடுவது. இதனால் மதிப்பு குறையுமே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மேடையில் மைக்கைத் தொட்டதும் கரன்ட் தாக்கி இறந்தார். அவருக்கு 27 வயது.

ஆம்புக்கு எர்த் போட்டால் மட்டும் போதாது, சுவரிலும் எர்த் இருக்க வேண்டும். வாடகை அறைகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், எர்த் ஒயர் மட்டும் எங்கேயும் போய்ச் சேராது. மல்ட்டிமீட்டரில் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறத்தாழ 230 வோல்ட் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் பேசிச் சரிசெய்துவிட்டுத்தான் வாசிப்பு. 30 மில்லி ஆம்ப்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுவிட்டால் நிம்மதி.

இன்னொன்று. லைனில் 5 வோல்ட், 12 வோல்ட் போர்டுகளோடு பழகிய கைக்கு ஓர் அசட்டுத் தைரியம் வரும். வால்வு ஆம்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். சேஸிஸைக் கழற்றும் வேலையை வால்வு தெரிந்த டெக்னீஷியனிடம் விடுங்கள். பின்பலகையைத் திறந்தாலே தெரிகிற காகிதம், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் ஆகியவற்றின் எண்களை நீங்கள் பார்த்தால் போதும். கன்ட்ரோல் எண்களை அவர் படம் எடுத்துத் தரட்டும்.

நேரில் பார்க்கும்போது

* பல வருஷம் சும்மா கிடந்த ஆம்பை 'போட்டுக் காட்டுங்க' என்று அவசரப்படுத்தாதீர்கள். டெக்னீஷியன் முதலில் சீரிஸ் பல்பு வைத்து, மெதுவாகக் கரன்ட் ஏற்றிப் பார்க்கட்டும்.
* ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பை ஆன் செய்யவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்பீக்கர் ஓமும் ஆம்ப் கேட்கும் ஓமும் ஒன்றாக இருக்க வேண்டும்.
* வால்வு உள்ளே மெல்லிய ஆரஞ்சு வெளிச்சம் சரி. நடுவில் இருக்கும் உலோகத் தகடே சிவந்தால் உடனே ஆஃப்.
* தடித்த கம்பியைத் தட்டி, வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். பர்பர் என்று கிழியும் சத்தம் வந்தால் ஸ்பீக்கர் கோனைப் பாருங்கள்.
* பெட்டியின் அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள். நம் ஊர்க் கரையானுக்கு அமெரிக்கப் பைன் மரம் விருந்து.
* 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல வீடுகள் மூழ்கின. பெட்டியின் உட்புறம் ஒரே மட்டத்தில் கறை, அதற்குக் கீழே மட்டும் துரு என்றால் அது தண்ணீர் நின்ற கோடு. பேரமே வேண்டாம்.

எங்கே தேடுவது?

1991-க்கு முன் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், இந்த ஆம்ப்கள் இங்கே அதிகம் வந்ததில்லை. நம் மெல்லிசைக் குழுக்கள் பலவும் கிடைத்த மைக்செட் ஆம்பிலேயே பேஸை ஓட்டிப் பழகியவை. எனவே ஆன்லைன் விளம்பரங்களோடு நிற்காமல், கலைந்துபோன இசைக்குழுக்கள், சர்ச் இசைக்குழுக்கள், பழைய ரெக்கார்டிங் ஸ்டூடியோக்கள் என்று விசாரியுங்கள். உதிரிபாகத்துக்கும் டெக்னீஷியன் விசாரணைக்கும் சுமார் 40 கிலோமீட்டரில் ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். பழைய பொருள்களை இறக்குமதி செய்வதற்குத் தனி விதிகள் உண்டு. பணம் அனுப்பும் முன் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். அடுத்து, வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போட மாட்டார்கள், சரக்குக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். எஸ்விடி-யின் தலைப்பகுதி மட்டுமே சுமார் 40 கிலோ. விமானத்தில் வந்தால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

குட்டி யானையில் ஏற்றும் முன்

வால்வுகளைக் கழற்றி, எது எந்தக் குழியில் இருந்தது என்று குறித்து, தனித்தனியாகத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில், வேகத்தடைக்கு வேகத்தடை குலுங்கினால் கண்ணாடி தாங்காது. பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள், ஸ்பீக்கர் முகம் குப்புற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உடனே ஆன் செய்யாமல் டெக்னீஷியன் கைக்குக் கொடுங்கள்.

விலை பேசும்போது கையில் இருக்க வேண்டியது நீங்கள் எழுதிய அந்தத் தாள்தான். எது அசல், எது மாற்றியது, எதை மாற்ற வேண்டும் என்று மூன்று பத்தியாகப் பிரியுங்கள். மூன்றாவது பத்திக்கான செலவோடு ஸ்டெப்-டவுன், எர்த் வேலை, வண்டி வாடகை எல்லாவற்றையும் கூட்டி, கேட்கிற விலையிலிருந்து கழியுங்கள். வருகிற தொகைதான் உங்கள் விலை. நேர்மையாக விற்பவர் அந்தத் தாளைப் பார்த்துக் கோபப்பட மாட்டார், உட்கார்ந்து பேசுவார். எண்களைப் படம் எடுக்கவே விடாதவரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வராதீர்கள்.